கறவை மாட்டை விற்றுத்தான் மகளைப் படிக்க வைக்க வேண்டுமா?

‘‘எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை. இரண்டு கறவை மாடுகள். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தாள். இந்த ஆண்டு பூந்தமல்லி பக்கம் ஒரு தனியார் கலை அறிவியல் கல்லூரியில் பி.காம் சேர்ந்திருக்கிறாள். காட்டுப்பாக்கத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். சாப்பாட்டுடன் மாதம் 6,500 ரூபாய். மூன்று மாதம் கட்டினோம். பிறகு அவளாகவே, ‘சாப்பாடு வேண்டாம், தங்க மட்டும்’ என்று சொல்லி 4,000 ரூபாயாகக் குறைத்துக்கொண்டாள். காலையில் அவள் சாப்பிடுவதே இல்லை என்பது அவளுடைய தோழி சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஒரு மாட்டை விற்றுவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு மனம் வரவில்லை. அரசு உதவி ஏதாவது உண்டா?’’

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, செய்யாறு வட்டம்.

அம்மா, மாட்டை இப்போதைக்கு விற்க வேண்டாம். உங்களுடன் போனில் பேசியபோது, கறவையில் இருக்கும் மாடு நாளைக்கு 8 லிட்டர் கறப்பதாகச் சொன்னீர்கள். லிட்டருக்கு 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் நாளைக்கு 280 ரூபாய். தீவனத்துக்குப் பாதி போனாலும் மாதம் 4,000 ரூபாய்க்கு மேல் கையில் நிற்கும். அதை விற்றால் 50,000 ரூபாய் வரும் என்கிறார் உங்கள் வீட்டுக்காரர். இப்போதைய ஹாஸ்டல் கணக்குப்படி அது பதின்மூன்று மாதத்துக்குக்கூட வராது. படிப்போ மூன்று வருடம். வற்றுக் காலத்தைக் கழித்துப் பார்த்தாலும் மாடு வீட்டில் இருப்பதே லாபம்.

பதில் சொல்லும் முன் ஒரு விஷயம். காட்டுப்பாக்கம் என்றதும் நம் வாசகர்கள் பலருக்குப் பொத்தேரி பக்கத்திலுள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையம்தான் நினைவுக்கு வரும். வெண்பன்றி, ஆடு வளர்ப்புப் பயிற்சிக்கு அங்கே போய் வந்தவர்கள் நிறையப் பேர். அது செங்கல்பட்டு மாவட்டம். மகள் தங்கியிருப்பது பூந்தமல்லிக்கும் போரூருக்கும் நடுவில், மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் இருக்கும் காட்டுப்பாக்கம். திருவள்ளூர் மாவட்டம், பூந்தமல்லி ஒன்றியம். மகளைப் பார்க்கக் கிளம்பும்போது இதைச் சரியாகச் சொல்லி பஸ் ஏறுங்கள்.

மாவட்டத்தை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தச் சாலையில் காட்டுப்பாக்கம் திருவள்ளூர் மாவட்டம். அடுத்துள்ள ஐயப்பன்தாங்கல் காஞ்சிபுரம் மாவட்டம். அதைத் தாண்டினால் வரும் போரூர் சென்னை. பஸ்ஸில் போகிறவருக்கு எல்லாம் ஒரே கடைத்தெருதான். விண்ணப்பம் போடுகிறவருக்கு மூன்று கலெக்டர் ஆபீஸ். அரசு விடுதி எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ, அந்த மாவட்ட அலுவலகம்தான் இடம் கொடுக்கும். வேறு ஆபீஸில் மனுவைக் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் காத்திருந்தவர்கள் உண்டு.

இனி விடுதி. உங்கள் பிரிவு எம்.பி.சி. என்றீர்கள். வருமானச் சான்றில் ஆண்டுக்கு 72,000 ரூபாய் என்று இருக்கிறது. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர், சிறுபான்மையினர் மாணவர்களுக்கு அரசு நடத்தும் கல்லூரி விடுதிகளில் சேரப் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வீட்டுக்கும் கல்லூரிக்கும் குறைந்தது 8 கிலோ மீட்டர் தூரம் வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அதுவும் மாணவிகளுக்குக் கிடையாது. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் ஒரு பைசா வாங்க மாட்டார்கள். தனியார் கல்லூரியில் படிக்கிறாள் என்பது தடையில்லை. ஆதிதிராவிடர் நலத்துறைக்குத் தனியாக விடுதிகள் இருக்கின்றன. அங்கும் பிற வகுப்பினருக்குச் சிறு பங்கு இடம் உண்டு. 2025 ஜூலையில் இந்த விடுதிகள் எல்லாவற்றுக்கும் ‘சமூகநீதி விடுதி’ என்று ஒரே பெயர் வைத்துவிட்டார்கள். பழைய பெயரைச் சொல்லி விசாரித்து, ‘அப்படி ஒன்று இங்கே இல்லை’ என்று யாராவது சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள்.

சாதிச் சான்று, இந்த ஆண்டு வாங்கிய வருமானச் சான்று, கல்லூரியில் தரும் போனஃபைடு சான்று, ஆதார், வங்கிப் புத்தக நகல், போட்டோ. இவற்றை எடுத்துக்கொண்டு திருவள்ளூர் கலெக்டர் அலுவலகத்திலுள்ள மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்துக்கு நீங்களும் மகளும் சேர்ந்தே போங்கள். சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்று சொல்லலாம். பாதியில் படிப்பை விடுகிறவர்கள், வேறு ஊருக்கு மாறுகிறவர்களால் காலியிடம் வரும். ‘காலியிடம் வந்தால் சேர்த்துக்கொள்ள வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே இடமில்லை என்றால் சென்னை மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். விடுதி காட்டுப்பாக்கத்திலேயே இருக்க வேண்டியதில்லை. சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே மாதம் முதல் டிக்கெட் இல்லை. முக்கால் மணி நேரம் பயணம் கூடும், காசு கூடாது.

விடுதிச் சாப்பாடு வீட்டுச் சாப்பாடு போல இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். கல்லூரி விடுதியில் மாணவர் ஒருவருக்கு மாதம் 1,100 ரூபாயாக இருந்த உணவுச் செலவை 2023-ல்தான் 1,500 ஆக உயர்த்தினார்கள். நாளைக்கு 50 ரூபாய் ஆகிறது. அந்தப் பணத்தில் மூன்று வேளை என்றால் எப்படி இருக்கும் என்பது உலை வைக்கிற உங்களுக்குத் தெரியும். அது இன்னும் உயர வேண்டும். ஆனால் உங்கள் மகள் இப்போது இருக்கும் நிலையில், நேரத்துக்குக் கிடைக்கும் அந்தச் சோறு பெரிய விஷயம்.

இதைச் சொன்னதும் போனில் நீங்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘‘கவர்மென்ட் ஹாஸ்டலா? ஊரில் என்ன பேசுவார்கள்?’’ என்றீர்கள். இதே கேள்வியை இன்னும் சிலரும் கேட்டிருக்கிறார்கள், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் வெளியூர்ப் பிள்ளைகள் தங்க இடமில்லாமல் அலைவது இன்று நேற்று வந்ததில்லை. நூறு வருடம் முன்பு பட்டணத்துக்குப் படிக்க வந்த பிராமணரல்லாத மாணவர்களுக்குச் சாப்பாடு போட்டுத் தங்கவைக்க ஆளில்லை. ஓட்டல்களில் உட்கார்ந்து சாப்பிடவே தடை இருந்தது. அதைப் பார்த்துத்தான் டாக்டர் சி.நடேசனார் 1916-ல் திருவல்லிக்கேணியில் ‘திராவிடர் இல்லம்’ என்ற விடுதியைத் தொடங்கினார். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சராக வந்த ஆர்.கே.சண்முகம் செட்டியார் மாணவராக அங்கே தங்கியவர். அந்த மாதிரி தேவையிலிருந்துதான் இன்றைய அரசு விடுதிகள் வரை வந்திருக்கிறோம். உங்கள் வரிப்பணத்தில் நடக்கும் விடுதியில் உங்கள் மகள் சாப்பிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ரேஷன் அரிசியை நாம் எல்லாரும் வாங்குகிறோம், அதில் யாரும் கூச்சப்படுவதில்லை.

அடுத்து, மாதம் 1,000 ரூபாய். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துவிட்டு உயர்கல்வி சேரும் மாணவிகளுக்கான ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. 2024-25 முதல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. பையன்களுக்கு இதே தொகை ‘தமிழ்ப் புதல்வன்’ என்ற பெயரில் 2024 ஆகஸ்ட் முதல் கிடைக்கிறது. இதற்கு வருமான வரம்பு, சாதி எதுவும் கிடையாது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதுவும் வரும். தனியார் கல்லூரி மாணவிகளுக்கும் வரும். கல்லூரி வழியாகத்தான் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு கல்லூரியிலும் இதற்கென்று ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார்.

மகளுக்குப் பதிவு ஆகிவிட்டது, பணம் மட்டும் வரவில்லை என்றீர்கள். அநேகமாக வங்கிக் கணக்குச் சிக்கலாகத்தான் இருக்கும். பி.எம். கிசான் தவணை உங்கள் ஊரில் சிலருக்கு நின்றுபோனது ஞாபகம் இருக்கிறதா? அதே கதைதான். கணக்குப் புத்தகத்தில் ஆதார் எண் எழுதியிருந்தால் போதாது. ஆதார் மூலம் வரும் பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்று வங்கியில் தனியாக இணைத்திருக்க வேண்டும். பள்ளியில் படிக்கும்போது ஒரு வங்கியில் கணக்கு, கல்லூரி சேர்ந்ததும் இன்னொரு வங்கியில் கணக்கு என்று இருந்தால், கடைசியாக எதில் இணைத்தார்களோ அதற்குப் பணம் போய்விடும். பழைய பாஸ் புக்கையும் ஒரு தடவை என்ட்ரி போட்டுப் பாருங்கள். ஊரில் இருக்கும் வங்கியில் மகளின் பணம் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டிருக்கலாம். பள்ளி மாற்றுச் சான்றில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு இனிஷியல் என்று இருந்தாலும் நின்றுபோகும்.

மூன்றாவது விஷயத்தை நீங்கள் கேட்கவே இல்லை. நம் வாசகர்களில் பெரும்பாலோர் இதை மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். பீரோவில் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். 2011-ல் தொடங்கிய முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் அது. இரண்டரை ஏக்கர் வரை நஞ்சை அல்லது ஐந்து ஏக்கர் வரை புஞ்சை வைத்துச் சொந்தமாகப் பயிர் செய்கிறவர்களும், விவசாயக் கூலித் தொழிலாளர்களும், 18 முதல் 65 வயதுக்குள் இருந்தால் உறுப்பினராகலாம். இந்த அட்டையை விபத்துக்கும் ஈமச்சடங்குக்கும்தான் என்று எடுத்து வைத்துவிடுகிறோம். உறுப்பினரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் அதில் உண்டு. படிப்பைப் பொறுத்து ஆண்டுக்கு 1,250 ரூபாயிலிருந்து 6,750 ரூபாய் வரை. பெண் பிள்ளைக்குக் கொஞ்சம் கூடுதல், விடுதியில் தங்கிப் படித்தால் இன்னும் கூடுதல். பி.காமுக்குப் பெரிய தொகை வராது. ஆனாலும் ஒரு செமஸ்டர் பரீட்சைக் கட்டணத்துக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் ஆகும். கிராம நிர்வாக அலுவலரிடம் கையெழுத்து வாங்கி, தாலுகா ஆபீஸில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும். வேறு நல வாரியத்தில் இதே உதவியை வாங்கியிருந்தால் இரண்டாவது தடவை தரமாட்டார்கள். உங்கள் வீட்டுக்காரர் பெயரில் அட்டை இல்லை என்றால் இந்த வாரமே எழுதிப் போடச் சொல்லுங்கள். மாட்டுக்கு விலை பேசும் நேரத்தில் இதைச் செய்துவிடலாம்.

இவையெல்லாம் கைக்கு வர மாதங்கள் ஆகும். அதுவரை மகள் காலையில் என்ன சாப்பிடுவாள்? என்னைப் பொறுத்தவரை உங்கள் கடிதத்தில் முக்கியமானது இதுதான்.

பள்ளியில் இருக்கும்வரை சத்துணவு, சீருடை, சைக்கிள் என்று ஏதோ ஒன்று கைகொடுத்துக்கொண்டே இருந்தது. சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றது. கல்லூரி வாசலில் எல்லாமே நின்றுவிடுகிறது. பதினெட்டு வயதுப் பிள்ளை பசிக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்லும்? பணக்கார நாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள், கூடப் படிப்பவர்கள் பட்டினி கிடப்பதைப் பார்த்து 1993-ல் கல்லூரிக்குள்ளேயே ஓர் உணவு வங்கி தொடங்கினார்கள். பிறகு அங்கே பல கல்லூரிகளில் வந்துவிட்டது. நம் கல்லூரிகளில் ஆண்டு விழாவுக்குப் பந்தல் போடும் செலவில் ஒரு மாதம் காலைக் கஞ்சி ஊற்றலாம். யாராவது ஒரு முதல்வர் தொடங்கி வைத்தால் நன்றாக இருக்கும்.

சென்னையில் மலிவாகச் சாப்பிட 2013-ல் வந்த அம்மா உணவகம் இருக்கிறது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். ஆனால் காட்டுப்பாக்கம் மாநகராட்சி எல்லைக்கு வெளியே. போரூர் பக்கம் போனால்தான் மாநகராட்சி வரும். மகளின் கல்லூரி எதிர்த் திசையில் இருக்கிறது. விடுமுறை நாளில் உதவும், தினசரிக்கு ஆகாது. கோயில் அன்னதானமும் அப்படித்தான். அது மதிய வேளை, அவள் அப்போது வகுப்பில் இருப்பாள்.

ஆகவே வீட்டிலிருந்து அனுப்புங்கள். செய்யாறு பக்கம் வேர்க்கடலைக்குப் பஞ்சமில்லை. வறுத்த கடலை இரண்டு கிலோ, வெல்லம், கெட்டி அவல், வறுத்து அரைத்த கேழ்வரகு மாவு. அடுப்பு இல்லாத அறையிலும் அவலை நனைத்துக் கடலை, வெல்லம் போட்டுச் சாப்பிடப் பத்து நிமிடம் போதும். கேழ்வரகு மாவுக்கு வெந்நீர் வேண்டும், அதை ஹாஸ்டலில் கேட்டு வாங்கலாம். மாதம் ஒருமுறை ஊரிலிருந்து யாராவது வரும்போது கொடுத்து அனுப்பினால் காலைச் சாப்பாடு முடிந்தது. கடலையைக் காற்றுப் புகாத டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள். நமத்துப்போய்ப் பூஞ்சை பிடித்ததைச் சாப்பிடக் கூடாது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவளுக்குச் சொல்லுங்கள்.

நாலைந்து பேர் வீடு எடுத்துச் சமைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் எந்த ரேஷன் கடையிலும் பொருள் வாங்கலாம். குடும்ப அட்டையில் பெயர் உள்ளவர் கைரேகை வைத்தால் போதும். ஆனால் அட்டைக்கு உரிய அரிசி ஒரு பங்குதான். அங்கே வாங்கினால் ஊரில் அந்த மாதம் கிடைக்காது. வீட்டில் நெல் வைத்திருப்பவர்களுக்கு இது சரிப்படும்.

அந்தத் தனியார் ஹாஸ்டலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெண்கள் விடுதி நடத்துகிறவர்கள் 2014-ம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டரிடம் பதிவு செய்து உரிமம் வாங்கியிருக்க வேண்டும். அடுத்த முறை போகும்போது உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால், அரசு விடுதி கிடைக்கும்வரைகூட அங்கே இருக்க வேண்டாம். முன்பணம் கட்டியிருந்தால் ரசீது வாங்கி வையுங்கள். காலி செய்யும்போது தகராறு வருவது அதில்தான்.

கடைசியாக, மகளிடம் நீங்களே பேசுங்கள். தோழி சொன்னாள் என்று சொல்ல வேண்டாம். அவள் செலவைக் குறைத்தது உங்களுக்காக. மாடு விற்கப்போகும் பேச்சு அவள் காதில் விழுந்தால் படிப்பை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடுவாள் என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

*

‘‘மகன் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறான். அம்பத்தூர் அரசு ஐ.டி.ஐ.யில் சேர்க்க ஆசை. யூனிஃபார்ம், ஷூ, பஸ் எல்லாம் சேர்ந்தால் நிறையச் செலவாகும் என்கிறார்கள். உண்மையா?’’

- ஒரு வாசகர், ஊத்துக்கோட்டை வட்டம்.

யார் சொன்னார்களோ அவர்கள் தனியார் ஐ.டி.ஐ.யை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார்கள். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. சீருடை, ஷூ, பாடப்புத்தகம், வரைபடக் கருவிகள், சைக்கிள், பஸ் பாஸ் எல்லாம் அரசே தருகிறது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் 1,000 ரூபாயும் சேர்ந்து மாதம் 1,750. பெண் பிள்ளைகளுக்கு அம்பத்தூரிலேயே மகளிர் ஐ.டி.ஐ. தனியாக இருக்கிறது. அங்கே இந்த 1,000 ரூபாய் புதுமைப் பெண் பெயரில் வரும்.

ஆனால் சேர்ந்த அன்றே சீருடையும் ஷூவும் கையில் வந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம், அளவெடுத்துத் தைத்து வர நாளாகும். அதுவரைக்கும் ஒரு ஜோடி கெட்டியான ஷூ மட்டும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். ஃபிட்டர், டர்னர் பிரிவு என்றால் செருப்புக் காலோடு ஒர்க்ஷாப்புக்குள் போகவே கூடாது.